தரிசு என்பது யார் வைத்த பெயர்?

பயிரிலிருந்து எரிபொருள் எடுக்கும் பேச்சு மறுபடியும் சூடு பிடித்திருக்கிறது. 2018-ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 2030-க்குள் டீசலில் நூற்றுக்கு ஐந்து பங்கு உயிரி டீசலாக இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. அதற்கான மூலப்பொருள் என்று அது எதையெதைச் சுட்டியது? உண்ணத் தகாத எண்ணெய் வித்துகள், பொரித்து மிஞ்சிய எண்ணெய், குறுகிய காலத்தில் விளையும் பயிர்கள். இப்போது ஆகாய விமானங்களும் வரிசையில் வந்து நிற்கின்றன. பன்னாட்டு விமானங்களின் எரிபொருளில் 2027-ல் ஒரு சதவிகிதம், 2028-ல் இரண்டு சதவிகிதம், 2030-ல் ஐந்து சதவிகிதம் மாற்று எரிபொருள் கலக்கப்பட வேண்டும் என்பது அரசின் அடுத்த இலக்கு.

இலக்கு வைப்பது எளிது. எண்ணெய் எங்கிருந்து வரும்? எந்த மண்ணில் விளையும்? எந்த மாதத்தில் விளையும்? யாருடைய தண்ணீரில் விளையும்? இந்தக் கேள்விகளைக் கேட்டால் இருபது ஆண்டுகளாக ஒரே பதில்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது: “தரிசு நிலத்தில் விளையும். நிலம் சும்மா கிடக்கும் பருவத்தில் விளையும். யாருடைய சோற்றிலும் கை வைக்க மாட்டோம்.”

இந்தப் பதில் பொய் என்று நாம் சொல்கிறோம். சும்மா கிடக்கும் நிலம் என்று ஒன்று ஏழையின் ஊரில் இல்லை. சும்மா கிடக்கும் குளிர்காலம் என்று ஒன்று தென்தமிழ்நாட்டின் மானாவாரிச் சீமையில் அறவே இல்லை. இல்லாத ஒன்றின் மேல் கட்டப்படும் திட்டம், இருப்பவனை வெளியேற்றாமல் நிற்காது.

நமக்கென்ன இதில்?

திருவனந்தபுரத்தில் மூட்டை தூக்கியும், கட்டட வேலை செய்தும், தள்ளுவண்டியில் பலகாரம் விற்றும், சாலைக் கடைத்தெருவில் சிறு வியாபாரம் பார்த்தும் பிழைக்கிற நமக்கு, எண்ணெய்ப் பயிரைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம்.

நாம் எங்கிருந்து வந்தோம் என்பதை எண்ணிப் பார்த்தால் இந்தக் கேள்வி எழாது. நம்மில் பெரும்பாலோர் தென்காசி, திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டங்களின் மானாவாரி மண்ணிலிருந்தும், கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்தும் வந்தவர்கள். ஆரியங்காவு கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழி வழியாகவும் வந்தோம். பலருக்கு ஊரில் இன்னும் ஓர் ஏக்கரோ இரண்டு ஏக்கரோ பட்டா நிலம் இருக்கிறது. அதைவிட அதிகம் பேருக்கு நிலமே கிடையாது; ஊர்ப் புறம்போக்கில் ஆடு மேய்த்து, விறகு வெட்டி, கரிமூட்டம் போட்டு வாழ்ந்த குடும்பங்கள் அவை. நம் தாய் தகப்பனும் அண்ணன் தம்பிகளும் இன்றும் அந்தப் புறம்போக்கை நம்பித்தான் இருக்கிறார்கள்.

அடங்கலில் “தரிசு” என்று எழுதப்படுவது பெரும்பாலும் நம்முடைய நிலம்தான். பிழைப்புக்காக ஊரை விட்டவனின் காடு இரண்டு வருஷம் உழப்படாமல் கிடந்தால் கணக்கில் அது தரிசாகிவிடுகிறது. ஏன் உழவில்லை என்று எந்தக் கணக்கும் எழுதுவதில்லை. உழுத கூலிக்கு விளைச்சல் கட்டவில்லை. விளைந்ததற்கு விலை கிடைக்கவில்லை. வாங்கிய கடனுக்கு வட்டி நிற்கவில்லை. இந்த மூன்றும் சேர்ந்து நம்மை மலைக்கு மேற்கே தள்ளின. நம்மை வெளியே தள்ளிய அதே ஏற்பாடு, இன்று நாம் விட்டு வந்த நிலத்தைக் காட்டி, “யாருக்கும் வேண்டாத நிலம்” என்கிறது!

குளிர்காலம் யாருக்குச் சும்மா கிடக்கிறது?

குளிர்காலத்தில் எண்ணெய் வித்து விதைத்து எரிபொருள் எடுப்பது இன்று உலகத்தில் பெரிதாகப் பேசப்படுகிறது. கரினேட்டா என்கிற எத்தியோப்பியக் கடுகை அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களிலும், தென்னமெரிக்காவின் உருகுவேயிலும் குளிர்காலப் பயிராக வளர்க்கிறார்கள். அதன் எண்ணெய் உணவுக்கு ஆகாது. 2018 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனம், கரினேட்டாவிலிருந்து எடுத்த எரிபொருளைப் பத்துக்கு ஒரு பங்கு கலந்து லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து மெல்பர்னுக்கு ஒரு விமானத்தை ஓட்டிக் காட்டியது.

அந்த நாட்டு விவசாயியின் வாதம் இதுதான்: கோடையில் பருத்தியோ கடலையோ விளைவிக்கிறோம், அறுத்த பிறகு பனிக்காலம் முழுதும் நிலம் வெறுமனே கிடக்கிறது, அந்த இடைவெளியில் இந்தக் கடுகை விதைத்தால் உணவுப் பயிருக்குக் குறைவில்லை, மண்ணரிப்பும் குறையும். அவர்கள் மண்ணில், அவர்கள் பருவத்தில் இந்த வாதத்தில் நியாயம் இருக்கலாம். அதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் அந்த வாதத்தை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து இங்கே நடமுடியாது. அவர்களுக்குப் பனிக்காலம் ஓய்வுக்காலம். நமக்கோ அதுதான் வெள்ளாமைக் காலம். தூத்துக்குடிச் சீமைக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் கரிசலில் புரட்டாசி, ஐப்பசியில் விதைத்து, கார்த்திகை மழையில் வளர்த்து, மார்கழிப் பனியில் முற்றவைத்து, தை, மாசியில் அறுக்கிறார்கள். கம்பு, சோளம், உளுந்து, பாசிப்பயறு, பருத்தி, மிளகாய், கொத்தமல்லி எல்லாம் இந்த ஒரே பருவத்தின் விளைச்சல். கிணறு இல்லாதவனுக்கு ஆண்டில் இது ஒன்றே பருவம். அந்த மண் உண்மையில் வெறுமனே கிடப்பது சித்திரை, வைகாசியில். அப்போது விதைக்க எவரும் வருவதில்லை; ஏனென்றால் அப்போது தண்ணீர் இல்லை.

சரி, ஆற்றுப் பாசனப் பகுதியிலாவது குளிர்கால முடிவில் நிலம் சும்மா இருக்கிறதா? காவிரிப் படுகையைப் பாருங்கள். சம்பா அறுப்பதற்கு ஒரு வாரம் பத்து நாளைக்கு முன்பே, நிற்கிற பயிரின் நடுவே உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுகிறார்கள். மிச்ச ஈரத்திலும் பனியிலும் அது விளைகிறது. உளுந்து போடாத வயல்களுக்கு இராமநாதபுரத்திலிருந்து கீதாரிகள் ஆட்டுமந்தையை ஓட்டி வருகிறார்கள். ஆட்டுக்குத் தாள் தீனி, வயலுக்குக் கிடை உரம், கீதாரிக்குக் கூலி. சர்க்கார் காகிதத்தில் “நெல் தரிசு” என்று எழுதப்படும் அந்த மாதங்களில் அந்த வயலில் மூன்று விதமான பிழைப்பு நடக்கிறது. இதில் எது சும்மா? எந்த மாதம் காலி?

காட்டாமணக்கு கற்பித்த பாடம்

நாம் வெறும் ஊகத்தில் பேசவில்லை. இந்த நாடகம் ஒருமுறை முழுதாக நடந்து முடிந்திருக்கிறது. அதன் பெயர் காட்டாமணக்கு.

2003-ல் மத்தியத் திட்டக் கமிஷனின் குழு ஓர் அறிக்கை கொடுத்தது. முதலில் 4 லட்சம் ஹெக்டேரில் காட்டாமணக்கு வளர்த்துக் காட்டுவது. பிறகு 112 லட்சம் ஹெக்டேருக்கு விரிப்பது. 2011-12-க்குள் டீசலில் ஐந்தில் ஒரு பங்கை இந்த எண்ணெயால் நிரப்புவது. ஒரு ஹெக்டேருக்கு ஏறக்குறைய 1.2 டன் எண்ணெய் கிடைக்கும் என்று கணக்குப் போட்டார்கள். தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், ஆடு மாடு கடிக்காது, கல்லுக்காட்டிலும் காய்க்கும் என்று பிரசாரம் நடந்தது. 2005 அக்டோபரில் எண்ணெய்க் கம்பெனிகள் உயிரி டீசலை லிட்டருக்கு 25 ரூபாய்க்கு வாங்கும் என்று அறிவித்தார்கள். 2009-ல் தேசியக் கொள்கை வந்து, கெடுவை 2017-க்குத் தள்ளி வைத்தது.

தமிழ்நாட்டிலும் அரசு முனைந்து இறங்கியது. பிரிட்டனின் டி1 ஆயில்ஸ் நிறுவனம் இங்குள்ள மோகன் புரூவரிஸுடன் கூட்டுச் சேர்ந்து விவசாயிகளிடம் ஒப்பந்தம் போட்டது. 2007-ல் உலகப் பெரும் எண்ணெய்க் கம்பெனியான பி.பி., டி1-னுடன் கைகோத்தது. இரண்டே ஆண்டில், 2009-ல், கை கழுவிக்கொண்டு போய்விட்டது. லண்டன் கம்பெனிக்கு அது ஒரு கணக்குப் புத்தகத்தை மூடும் வேலை. கன்றை நட்டு மூன்று வருஷம் காத்திருந்தவனுக்கோ அது மூன்று வருஷச் சோறு.

விளைச்சல் என்ன ஆயிற்று? கோயம்புத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் ஆராய்ந்த பேரே அரிசா-மொந்தோபியோ, சரத்சந்திர லேலே ஆகிய இருவரும் 2010-ல் எழுதிய ஆய்வு விஷயத்தைத் தெளிவாகச் சொன்னது. விளைச்சல் எதிர்பார்த்ததைவிட மிகவும் குறைவு, பயிர் கட்டுப்படியாகவில்லை, கட்டுப்படியாக வேண்டுமானால் தண்ணீர் வேண்டும், தண்ணீரும் வசதியும் உள்ள விவசாயிக்கே திட்டம் சாதகம், சிறு விவசாயி மேலும் நலிவான். “தண்ணீர் வேண்டாத பயிர்” என்று விற்கப்பட்ட பயிரின் கதை இது! எண்ணெய் எடுத்த பிண்ணாக்காவது மாட்டுக்கு ஆகுமா என்றால் அதுவும் ஆகாது, அதில் நஞ்சு. நிலக்கடலை போட்டவனுக்கு எண்ணெய் உண்டு, பிண்ணாக்கு உண்டு, கொடி மாட்டுக்கு உண்டு, காய் பறிக்கும் பெண்களுக்குக் கூலி உண்டு. காட்டாமணக்கு போட்டவனுக்குக் கடன் உண்டு.

விருதுநகர் மாவட்டத்துச் சாத்தூர் வட்டாரத்தில் ஆராய்ந்த ஜெனிஃபர் பாக்கா இன்னொரு உண்மையை வெளியே கொண்டுவந்தார். “தரிசு” என்று காட்டப்பட்ட நிலத்தில் ஏற்கனவே ஓர் எரிபொருள் தொழில் நடந்துகொண்டிருந்தது. சீமைக் கருவேலத்தை வெட்டி வீட்டடுப்புக்கும் சூளைக்கும் தொழிற்சாலைக்கும் மின் உற்பத்திக்கும் கொடுக்கும் தொழில்தான் அது. 2014-ல் அவரும் ராபர்ட் பெய்லிஸும் கணக்கிட்டுப் பார்த்ததில், காட்டாமணக்கு டீசல் தரக்கூடியதைப்போல் இரண்டரை மடங்கிலிருந்து பத்து மடங்குவரை பயனுள்ள எரிசக்தியை அந்தக் கருவேலம் கொடுத்துவந்தது தெரிந்தது. எரிசக்தி கொண்டுவருவதாகச் சொல்லி, அதைவிட அதிகமாக எரிசக்தி தந்துகொண்டிருந்ததை அழிக்கப் பார்த்திருக்கிறார்கள்! கருவேலம் நல்ல மரம் என்று நாம் வாதாடவில்லை. அது கண்மாயை அடைத்ததையும் மேய்ச்சலைக் கெடுத்ததையும் நாம் அறிவோம். ஆனால் அதை வெட்டி உலை வைத்தவள் யார், கரி போட்டு விற்றவன் யார் என்று பார்க்காமல், “ஒன்றுமில்லாத நிலம்” என்று முத்திரை குத்தியவர்களின் கண்ணில்தான் கோளாறு.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2006-ல் தமிழ்நாட்டில் நிலமற்ற ஏழைகளுக்கு இரண்டு ஏக்கர் வரை தரிசு நிலம் வழங்கப்படும் என்று வாக்குறுதி தந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் திட்டமும் தொடங்கியது. அதே ஆண்டுகளில் அதே “தரிசு” காட்டாமணக்குக்கும் ஒதுக்கிப் பேசப்பட்டது. ஒரே நிலத்தை ஏழைக்கும் கம்பெனிக்கும் சேர்த்து வாக்களித்தால் கடைசியில் அது யார் கைக்குப் போகும் என்பதைச் சொல்ல ஜோசியம் வேண்டியதில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

“காட்டாமணக்கு தோற்றுப்போனது உண்மை. இப்போது நல்ல விதை வந்திருக்கிறது. மூன்று நான்கு மாதத்தில் விளையும் குளிர்கால வித்துகள் வந்திருக்கின்றன. பழையதை வைத்துப் புதியதைப் பழிக்கலாமா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நல்ல விதையையே எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம்.

நம் நாட்டின் முதன்மையான குளிர்கால எண்ணெய் வித்து கடுகு. ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்த கைகள் பயிரிடுவது. அங்கே ஹெக்டேருக்குச் சராசரி ஏறக்குறைய 1.4 டன் கடுகு விளைகிறது. அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் எண்ணெய். ஆக, ஹெக்டேருக்கு அரை டன் எண்ணெய்.

நாடு 2023-24-ல் செலவழித்த டீசல் ஏறக்குறைய 9 கோடி டன். அதில் நூற்றுக்கு ஐந்து என்றால் 45 லட்சம் டன். ஹெக்டேருக்கு அரை டன் வீதம் 45 லட்சம் டன் எண்ணெய் எடுக்க 90 லட்சம் ஹெக்டேர் வேண்டும்.

90 லட்சம் ஹெக்டேர் என்றால் எவ்வளவு? இன்று இந்தியா முழுவதும் கடுகு விளையும் நிலம் ஏறக்குறைய அவ்வளவுதான். தமிழ்நாட்டில் விதைக்கப்படும் மொத்த நிலத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. டீசலில் வெறும் ஐந்து பங்கை நிரப்ப, நாடு முழுவதும் விளையும் கடுகுக்குச் சமமான இன்னொரு விளைச்சல் வேண்டும்! இவ்வளவு நிலம் யாருக்கும் தேவைப்படாமல் எங்கே ஒளிந்துகொண்டிருக்கிறது? சொல்லுங்கள், நாமும் போய்ப் பார்க்கிறோம்.

அதனால்தான் 2018 கொள்கை வந்து ஆறு ஆண்டுகள் கழிந்தும் உயிரி டீசல் கலப்பு ஒரு சதவிகிதத்தைக்கூட எட்டவில்லை. எட்டாத இலக்கு ஆபத்தில்லாதது என்று நினைத்துவிடக் கூடாது. இலக்கு எட்டாமல் போகப்போக, “இன்னும் நிலம் கொடு, இன்னும் சலுகை கொடு” என்ற நெருக்கல் அதிகமாகும். நெருக்கப்படுவது நஞ்சை நிலக்காரனின் வயல் அல்ல. கேட்பாரற்ற புறம்போக்கும் ஆளில்லாத மானாவாரிக் காடும்தான்.

வாணலியிலும் வண்டியிலும் ஒரே எண்ணெய்

நாம் உண்ணும் எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இந்த நாடு 2022-23-ல் ஏறக்குறைய 165 லட்சம் டன் சமையல் எண்ணெயை வெளிநாட்டிலிருந்து வாங்கியது. மொத்தத் தேவையில் பாதிக்கு மேல் இது. இந்தோனேசியாவும் மலேசியாவும் பாமாயில் தந்தால்தான் நம் வீடுகளில் வாணலி காயும். உண்ண எண்ணெய் இல்லாத நாடு, ஓட்ட எண்ணெய் விளைவிக்கப் புறப்படுகிறது!

பயிர் எரிபொருள் எவ்வளவு தொலைவில் நடந்தாலும் நம் அடுப்பைத் தொடுகிறது. இந்தோனேசியா தன் டீசலில் 2023-ல் நூற்றுக்கு முப்பத்தைந்து பங்கும், 2025-ல் நாற்பது பங்கும் பாமாயில் டீசலைக் கலக்க உத்தரவிட்டது. அங்கே லாரி குடிக்கும் எண்ணெய் இங்கே வடைச்சட்டிக்குக் குறைகிறது. 2022 ஏப்ரல் கடைசியில் அந்த நாடு பாமாயில் ஏற்றுமதியையே மூன்று வாரத்துக்கு மேல் நிறுத்தி வைத்தது. கிழக்கேகோட்டையில் தள்ளுவண்டியில் பஜ்ஜி போடும் நம் ஆட்களுக்கு ஜகார்த்தாவின் உத்தரவு மறுவாரமே எண்ணெய் விலையாக வந்து சேர்ந்தது. 2025-ல் கேரளத்தில் தேங்காய் எண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டியபோது, கணிசமான எண்ணெய் காங்கேயத்து ஆலைகளிலிருந்து வரும் இந்த ஊரில், மலையாளத் தொழிலாளியும் தமிழ்த் தொழிலாளியும் ஒன்றாகத் தவித்தார்கள். எண்ணெய்ப் பஞ்சத்துக்கு மொழி கிடையாது.

2007 அக்டோபரிலேயே, ஐ.நா.வின் உணவு உரிமைக்கான சிறப்பு அறிக்கையாளராக இருந்த ழான் சிக்ளர், உணவுப் பயிரை எரிபொருளாக்குவது மானிட குலத்துக்கு எதிரான குற்றம் என்று கண்டித்து, ஐந்தாண்டுக்கு அதை நிறுத்தி வைக்கக் கோரினார். யாரும் நிறுத்தவில்லை. உண்ணத் தகாத வித்துதானே என்று சமாதானம் சொன்னார்கள். வித்து உண்ணத் தகாததாக இருக்கலாம். அது விளையும் மண்ணும், குடிக்கும் தண்ணீரும், வாங்கும் உழைப்பும் உண்ணத் தகுந்ததை விளைவிக்க வேண்டியவை அல்லவா?

நாம் எதிர்ப்பது எதை?

நாம் மாற்று எரிபொருளுக்கு விரோதிகள் அல்ல. டீசல் புகையை நாள் முழுதும் தெருவில் நின்று விழுங்குகிறவர்கள் நாம்தான். பருவம் தவறினால் முதலில் அழிகிறவர்களும் நாம்தான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலிச் சீமையை மூழ்கடித்த மழையை நம் குடும்பங்கள் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியது. பூமி சூடேறுவது நமக்குப் பாடப் புத்தகத்து விஷயம் அல்ல.

நாம் எதிர்ப்பது, அந்தச் சுமையைக் காரணம் காட்டி ஏழையின் நிலத்தைக் காலி நிலம் என்று எழுதுவதை. ஏழையின் ஒரே பருவத்தை ஓய்வுப் பருவம் என்று எழுதுவதை. லாபம் வந்தால் கம்பெனிக்கு, நஷ்டம் வந்தால் விவசாயிக்கு என்று எழுதாமல் எழுதிய ஒப்பந்தத்தை.

நிலத்தைப் பறிக்காமல் கிடைக்கும் எண்ணெய் உண்டா? உண்டு. அது நம் காலடியிலேயே கிடக்கிறது.

முதலாவது, பொரித்து மிஞ்சிய எண்ணெய். இருபத்தைந்து சதவிகிதத்துக்கு மேல் கெட்ட எண்ணெயைச் சமையலுக்கு ஆகாது என்று 2018-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்தது; அதைத் திரட்டி டீசலாக்கும் ஏற்பாட்டையும் அவ்வாண்டே தொடங்கியது. 2019 ஆகஸ்டில் பொதுத்துறை எண்ணெய்க் கம்பெனிகள் நூறு நகரங்களில் அந்த டீசலை முதல் ஆண்டு லிட்டர் 51 ரூபாய்க்கு வாங்க முன்வந்தன. நல்ல காரியம். ஆனால் நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவழிக்கும் பெரிய கடைகளுக்குத்தான் கணக்கு வைக்கும் விதி. தள்ளுவண்டிக்காரனுக்கு இந்த ஏற்பாட்டில் இடம் எங்கே? அவனிடம் சோதனைக்கு வருகிறவர்கள் உண்டு. நியாய விலை கொடுத்து வாங்க வருகிறவர்கள் வேண்டும். சட்டியைக் கொட்டினால் நஷ்டம் என்கிற நிலையில் அவன் எண்ணெயை மறுபடி காய்ச்சத்தான் செய்வான். கொட்டும் எண்ணெய்க்கு அன்றே காசு கிடைத்தால் தின்கிறவன் வயிறும் தப்பும், விற்கிறவன் பிழைப்பும் தப்பும், டீசலும் கிடைக்கும்.

இரண்டாவது, ரப்பர் விதை. கேரளத்தில் மட்டும் ஏறக்குறைய ஐந்தரை லட்சம் ஹெக்டேர் ரப்பர் நிற்கிறது. நெடுமங்காட்டுப் பக்கமும், எல்லைக்கு அப்பால் குலசேகரம், கீரிப்பாறைப் பக்கமும் ஆடி, ஆவணி மாதங்களில் விதை வெடித்துக் கீழே விழுகிறது. கோழிக்கோடு தேசியத் தொழில்நுட்பக் கழகத்து ஆய்வாளர்கள் ரப்பர் விதை எண்ணெயிலிருந்து டீசல் எடுக்கும் முறையை 2005-லேயே வெளியிட்டார்கள். அந்த எண்ணெயில் அமிலம் அதிகம். அதனால் ஒரே படியில் செய்யாமல் இரண்டு படிகளில் செய்ய வேண்டும் என்பதையும் கண்டு சொன்னார்கள். இதற்குப் புதிதாக ஒரு செண்டு நிலம் வேண்டாம். பொறுக்கும் பெண்களுக்குக் கூலி வேண்டும்; அவ்வளவுதான். கூலி கொடுக்க மனமில்லாதவர்கள்தான் நிலம் தேடுகிறார்கள்.

இவை இரண்டும் சேர்ந்தாலும் 45 லட்சம் டன் ஆகாது என்பார்கள். ஆகாதுதான். அதற்குப் பரிகாரம் ஏழையின் காட்டைப் பிடுங்குவது அல்ல. டீசலின் தேவையைக் குறைப்பது. இதே திருவனந்தபுரத்தில் 2022 முதல் மின்சாரப் பேருந்துகள் நகரச் சுற்றில் ஓடுகின்றன. ரயிலும் பொதுப் பேருந்தும் பெருகினால் குறையும் டீசலுக்கு எந்தக் காட்டையும் உழ வேண்டியதில்லை.

நம் கோரிக்கைகள்

எனவே நாம் கேட்பது இவை.

ஒன்று: அடங்கலில் தரிசு என்று இருப்பதை மட்டும் ஆதாரமாக வைத்து எரிபொருள் பயிருக்கு ஒரு ஏக்கர்கூடக் கொடுக்கக் கூடாது. கிராமசபை கூட வேண்டும். அதில் பட்டாதாரர் மட்டுமல்ல, அந்த நிலத்தில் மேய்க்கிறவர், விறகு வெட்டுகிறவர், கரி போடுகிறவர் பேச்சும் பதிவாக வேண்டும். வெளியூரில் பிழைக்கும் ஊர்க்காரருக்கு முன்கூட்டியே அறிவிப்பு வர வேண்டும்.

இரண்டு: சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் கடன்பட்டிருக்கும்வரை, மானாவாரி நிலத்தில் நிலக்கடலைக்கும் எள்ளுக்கும் சூரியகாந்திக்கும்தான் முதல் உதவி. ஆதரவு விலையை அறிவித்தால் போதாது. அந்த விலைக்கு வாங்கும் கொள்முதல் நிலையம் ஊருக்கு அருகே திறக்க வேண்டும்.

மூன்று: எரிபொருள் பயிருக்கு ஒப்பந்தம் போடும் எந்தக் கம்பெனியும், விளையாமல் போனால் ஆகும் நஷ்டத்தைத் தானே ஏற்க வேண்டும். கன்று விலையும் கடனும் விவசாயியின் தலையில் ஏறக் கூடாது. ஒப்பந்தம் தமிழில், விவசாயி படித்துப் புரியும்படி இருக்க வேண்டும்.

நான்கு: பொரித்த எண்ணெயைத் தெருக் கடைகளிலிருந்து திரட்ட மாநகராட்சி வாரந்தோறும் ஏற்பாடு செய்து, கையில் காசு கொடுக்க வேண்டும். ரப்பர் விதை பொறுக்கும் பெண்களுக்குக் கூட்டுறவுச் சங்கம் மூலம் நியாய விலை கிடைக்க வேண்டும்.

இவை அரசிடம் கேட்பவை. நம்மிடம் நாமே கேட்டுக்கொள்ள வேண்டியதும் ஒன்று உண்டு.

ஊரில் நிலம் வைத்திருக்கும் தோழர்களே! “சும்மாதானே கிடக்கிறது, பத்து வருஷத்துக்கு எழுதிக் கொடுங்கள், வருஷா வருஷம் பணம் வரும்” என்று தரகர் யார் வந்தாலும், தனியாக உட்கார்ந்து கையெழுத்துப் போடாதீர்கள். அந்தக் காட்டில் இன்று யார் ஆடு மேய்க்கிறார், யார் முள் வெட்டுகிறார் என்று ஊருக்குப் போன் செய்து கேளுங்கள். ஒப்பந்தத்தைச் சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். நாலு பேர் படித்துப் பார்ப்போம். நாம் இங்கே மூட்டை சுமப்பது என்றைக்காவது அந்த மண்ணுக்குத் திரும்பலாம் என்ற நம்பிக்கையில். அந்த மண்ணை வேறொருவர் வண்டிக்கு எண்ணெயாக்க நாமே பேனா எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

தரிசு என்ற பெயரை வைத்தவர்கள் ஒரு நாளும் அந்த நிலத்தில் விறகு பொறுக்கியவர்கள் அல்ல. காலிப் பருவம் என்ற பெயரை வைத்தவர்கள் மார்கழிப் பனியில் பயறு பறித்தவர்கள் அல்ல. பெயரை மாற்றும் உரிமை அங்கே உழைத்தவர்களுக்கு உண்டு. அதை ஊர்க் கிராமசபையில் எழுந்து நின்று சொல்லுவோம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அடங்கலை எடுத்துப் பார்ப்போம். தவறாக எழுதியிருந்தால் திருத்த மனுக் கொடுப்போம்.